பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்பது: இராமநாதபுரம் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளியில் கணினிப் பழுது நீக்கும் சிறு கடை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம் எனக் கடலை ஒட்டிய ஊர்களிலிருந்து, ஓடாத ஹார்ட் டிஸ்க்கைத் துணிப்பையில் போட்டு எடுத்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். அவர்களில் பலர் கடைக்கு வருவதற்கு முன்பே, நல்லெண்ணத்தோடு வீட்டில் செய்துபார்த்த ஏதோ ஒரு முயற்சியால், மீட்டிருக்கக்கூடிய கோப்புகளை இழந்திருக்கிறார்கள். அடுத்தவருக்கு அது நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நேற்றுவரை ஓடிய ஹார்ட் டிஸ்க் இன்று திறக்கவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

மின்சாரத்தைத் துண்டியுங்கள். திரும்பத் திரும்பப் போட்டு அணைத்துப் பார்ப்பது, வேறு கணினியில் மாட்டிப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி ஓரிடத்தில் அசையாமல் வையுங்கள். உள்ளே ஒரு பாகம் நொந்துபோன டிஸ்க்குக்கு இன்னும் சில மணி நேரமோ சில நிமிடங்களோதான் ஓடும் வலு மிச்சமிருக்கும். அந்த வலுவை டிஸ்க்கைச் சரிசெய்வதில் செலவழிக்கக் கூடாது, நகல் எடுப்பதில் மட்டுமே செலவழிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

வெளியிலிருந்து இணைக்கும் டிஸ்க் என்றால், அதன் கேபிளையும் அடாப்டரையும் ஒரே ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். நம் பக்கத்தில் யு.எஸ்.பி. கேபிளின் முனை பச்சை பூத்துப் போவது மிகச் சாதாரணம். அதையும் டிஸ்க்கிலிருந்து வழக்கத்துக்கு மாறான சத்தம் எதுவும் வராத நிலையில் மட்டுமே செய்யுங்கள். "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கீழே விழாமலே ஒரு டிஸ்க் எப்படிக் கெட்டுப்போகிறது?

டிஸ்க்கின் உள்ளே கண்ணாடிபோல் மெருகேற்றிய தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழல்கின்றன. மேசைக் கணினியில் இருக்கும், 7,200 சுற்று சுழலும் 3.5 அங்குல டிஸ்க்கில், தட்டின் வெளி விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் மேல் ஹெட் என்னும் சிறிய படிக்கும் முனை, சுழற்சியால் எழும் காற்றின் மீது மிதந்தபடி, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் நகர்கிறது. நம் தலைமுடி ஒன்றின் பருமன் பல பத்தாயிரம் நானோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த இடைவெளியில் ஒரு புகைத்துகளுக்குக்கூட இடமில்லை என்பது விளங்கும். இவ்வளவு நுட்பமான ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திடீரென்று போய் வருவதாலும், பல ஆண்டுத் தேய்மானத்தாலும், வெப்பத்தாலும், ஒருநாள் நிலை தவறுவதில் வியப்பில்லை.

ஹெட் தட்டில் உரசினால், தகவலைத் தாங்கியிருக்கும் காந்தப் படலம் தூளாக உதிர்கிறது. அப்படி உதிர்ந்த இடத்தில் இருந்தது எந்தத் தகவல் மீட்பு ஆய்வகத்துக்குப் போனாலும் திரும்பி வராது. அந்தத் தூள் உள்ளேயே சுற்றிப் பறந்து அடுத்த ஹெட்டையும் கெடுக்கும். ஒவ்வொரு நிமிடமும் இழப்பு பெருகிக்கொண்டே போகிறது என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

சத்தத்தை வைத்து என்ன பழுது என்று சொல்ல முடியுமா?

ஓரளவு சொல்ல முடியும். சீரான இடைவெளியில் "டக், டக்" என்று கேட்டால், ஹெட் தன் இடத்தைத் தேடிக் கிடைக்காமல் திரும்பத் திரும்ப ஓரத்துக்கு வந்து மோதுகிறது என்று பொருள். ஹெட் கெட்டிருக்கலாம், அல்லது தட்டின் மீதே எழுதப்பட்டிருக்கும் டிஸ்க்கின் சொந்த இயக்கத் தகவல் படிக்க முடியாமல் போயிருக்கலாம். மெல்லிய "பீப்" ஒலி விட்டுவிட்டு வந்தால், மோட்டார் சுழல முயன்று முடியாமல் நிற்கிறது. ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது யு.எஸ்.பி. வழியாக வரும் மின்சாரம் போதவில்லை. சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் கீழே இருக்கும் மின்பலகையில் கோளாறு. கீறும் ஒலி கேட்டால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் அந்த டிஸ்க்கை நானும் ஓட்டிப் பார்க்க மாட்டேன், நேரே ஆய்வகத்துக்குத்தான் அனுப்பச் சொல்வேன்.

சத்தம் எதுவும் இல்லை, ஆனால் கோப்புறை திறக்கப் பத்து நிமிடம் ஆகிறது. செக் டிஸ்க் போடலாமா?

போடக் கூடாது. விண்டோஸில் இருக்கும் அந்தக் கருவி, டிஸ்க் நல்ல நிலையில் இருந்து கோப்பு அட்டவணை மட்டும் குழம்பியிருக்கும்போது பயன்படுவது. டிஸ்க்கே நொந்திருக்கும்போது அதை ஓட்டினால், படிக்க முடியாத இடங்களைத் திரும்பத் திரும்பச் சுரண்டுவதோடு, அட்டவணையில் தனக்குப் புரியாததை எல்லாம் திருத்தி எழுதியும்விடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்தேன். கீழக்கரைப் பக்கத்திலிருந்து புகைப்படக் கலைஞர் ஒருவர் திருமணப் படங்கள் இருந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தார். திறக்க நேரமானாலும் படங்கள் தெரிந்தன. சரிசெய்துவிட்டுப் பிறகு நகல் எடுக்கலாம் என்று எண்ணி அந்தக் கருவியை ஓடவிட்டேன். பிற்பகலில் அது முடிந்தபோது கோப்புறைகள் போய், பெயரற்ற துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. மாலைக்குள் டிஸ்க் "டக், டக்" என்று அடிக்கத் தொடங்கியது. நிக்காஹ் முடிந்து மறுவாரமே துபாய்க்குப் போய்விட்ட மாப்பிள்ளையின் வீட்டாருக்கு அந்தக் கலைஞர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியது என்னவென்றால், முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்ப்பது. ஸ்மார்ட் எனப்படும் தற்பதிவு ஒவ்வொரு டிஸ்க்கிலும் உண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். அதில் 05, சி5, சி6 ஆகிய வரிகளின் மதிப்பு சுழியத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் தட்டில் பழுது இருக்கிறது. சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம், அதை மாற்றினால் போதும்.

தட்டில் பழுது என்று தெரிந்ததும், டிஸ்க்கை, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்னும் இயங்குதளம் ஓடும் கணினியில், யு.எஸ்.பி. வழியாக அல்லாமல், கணினியின் உள்ளே டிஸ்க்கை நேராக இணைக்கும் சாட்டா கேபிளில் இணைத்து, டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருளால், அதே அளவோ அதைவிடப் பெரிதோ ஆன வேறொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுக்க வேண்டும். இந்த மென்பொருளின் சிறப்பு, எளிதில் படிக்கக்கூடிய இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிச் சென்று, கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பி வரும் என்பதாகும். வெற்றுப்பாதையில் வேகமாகப் போய், சேற்றுப் பகுதியைக் கடைசிக்கு விட்டுவைக்கும் வண்டிக்காரரைப் போன்றது அது. எதுவரை படித்தோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே வருவதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் அந்த வரைபடக் கோப்பைப் பழுதான டிஸ்க்கிலும் வைக்கக் கூடாது, பென் டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸின் தற்காலிக நினைவகத்திலும் வைக்கக் கூடாது. வேறொரு பென் டிரைவில் சேமியுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போய் வருவதை நம்மால் தடுக்க முடியாது.

நல்ல நிலையில் இருக்கும் 1 டெராபைட் டிஸ்க்கை நகலெடுக்க மூன்று மணி நேரம் போதும். நொந்த டிஸ்க்குக்கு நாள்கணக்கில் ஆகலாம், காத்திருக்கத்தான் வேண்டும். மீட்பு வேலை எதுவானாலும் அதன் பிறகு நகலில் மட்டுமே நடக்க வேண்டும்.

கடலோரத்தில் இருப்பதால் டிஸ்க் சீக்கிரம் கெடுமா?

இரும்பு என்ன பாடுபடுகிறதோ அதே பாட்டை மின்பலகையும் படுகிறது. 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தை, துரு தின்னாமல் காக்க ஓயாமல் பராமரிக்க வேண்டியிருந்ததை இப்பகுதியினர் அனைவரும் அறிவோம். அதே காற்றுதான் சன்னல் வழியாகக் கணினிக்குள்ளும் போகிறது.

உப்புத் துகள் வெறுமனே படிந்திருந்தால் பெரிய கேடில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீர்ப்படலமாகிறது. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே அது கசியத் தொடங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கணினி தன் சூட்டால் உள்ளே இருக்கும் காற்றை உலர்வாக வைத்துக்கொள்ளும். நாள்கணக்கில் அணைந்து கிடக்கும் கணினிக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே கடலோரத்தில் ஓடுகிற டிஸ்க்கைவிடச் சும்மா கிடக்கிற டிஸ்க்குக்கு உப்பின் ஆபத்து அதிகம் என்பது என் கருத்து.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மீன்பிடித் தடைக்காலமான 61 நாளும், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மண்டபத்தில் கரையோரம் இருக்கும் மீன் கம்பெனி ஒன்றின் கணக்குக் கணினி பூட்டிய அறையில் கிடந்தது. "தம்பி, தடைக்கு முன்னாடி நல்லாத்தான் ஓடுச்சு" என்று சொல்லித்தான் அதன் உரிமையாளர் டிஸ்க்கை நீட்டினார். தட்டு சுழன்றது, ஆனால் டிஸ்க் தன்னை அடையாளம் சொல்லவில்லை. மின்பலகையைப் பிடித்திருந்த நட்சத்திரத் தலைத் திருகுகளைக் கழற்றிப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். டிஸ்க்கின் உள்ளே இருக்கும் ஹெட்டுக்குச் செல்லும் ஊசிகள் வந்து அழுந்துகிற இடத்தில் அரிசியைவிடச் சிறிய வெள்ளி நிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். அவை வெள்ளியாக இல்லை. கொலுசு கறுத்ததைப்போலக் கறுத்து, இரண்டின் ஓரத்தில் பச்சை கசிந்திருந்தது. பென்சில் அழிப்பானால் ஒவ்வொரு பட்டையையும் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுக்க உலரவிட்டு மாட்டியதும் டிஸ்க் தன் பெயரைச் சொன்னது. அப்போதும் கணக்குக் கோப்பைத் திறந்து பார்க்க அவருக்கு நான் இடம் கொடுக்கவில்லை. முழு நகல் எடுத்து முடித்த பிறகுதான் திறந்தோம்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். மேல்மூடியின் திருகையும் மின்பலகையின் திருகையும் பிரித்தறியத் தெரியாதவர் தவறிப்போய் மூடியைத் திறந்துவிட்டால், அங்கே நுழையும் தூசியே போதும், எல்லாம் கெட்டுவிடும்.

மின்பலகை எரிந்துவிட்டது. அதே மாடலின் வேறொரு பலகையை மாட்டினால் ஓடுமா?

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முந்தைய டிஸ்க்குகளில் ஓடியது. இன்றைய டிஸ்க்குகளில், அந்தந்த டிஸ்க்கின் ஹெட்டுக்கும் தட்டுக்கும் என்றே தொழிற்சாலையில் அளந்து எழுதிய எண்கள் மின்பலகையில், மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சிறு சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பையும் பழைய பலகையிலிருந்து புதியதற்கு மாற்றிப் பற்றவைத்தால்தான் வேலை நடக்கும்.

எரிந்த பலகைகளில் பாதியாவது 12 வோல்ட் கேட்கும் டிஸ்க்கில் மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகியதால் எரிந்தவையாகத்தான் என் மேசைக்கு வருகின்றன. செருகும் முனை ஒன்றேபோல் இருப்பதால் வரும் வினை இது. அடாப்டரின் மீது டிஸ்க்கின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவைத்தால் போதும். பல டிஸ்க்குகளில் மிகை மின்னழுத்தத்தைத் தான் ஏற்றுக்கொண்டு உயிரைவிடும் காப்பு டையோடு ஒன்று இருக்கும். அது மட்டும் போயிருந்தால் மீட்பு எளிது.

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து டிஸ்க் நனைந்துவிட்டது. வெயிலில் காயவைக்கலாமா?

கூடாது. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைப் போன்ற நாள்களுக்குப் பிறகு இந்தக் கேள்வி வருவது இயல்பு. பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்று உள்ளே வெளியே போய்வர வடிகட்டி வைத்த ஒரு சிறு துளை உண்டு. அதன் அருகிலேயே அதை மூடக் கூடாது என்ற எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருக்கும். மூழ்கிய டிஸ்க்கில் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். காயவைத்தால் நீர் போய்விடும், நீரில் கரைந்திருந்த உப்பும் மண்ணும் தட்டின் மீது கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெட்டுக்கு அது பாறை.

முடி உலர்த்தும் கருவி, அரிசிப் பானை, மொட்டை மாடி எதுவும் வேண்டாம். ஈரத்தோடே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, மின்சாரம் ஒருமுறைகூடக் கொடுக்காமல், ஆய்வகத்துக்கு அன்றே அனுப்புங்கள். கடல்நீரா மழைநீரா என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்கிறார்களே?

ஓடாது. குளிர்ந்த உலோகத்தை நம் ஊர்க் காற்றில் வெளியே எடுத்தால் அதன் மேல் எப்படி முத்துமுத்தாக நீர் கோக்கும் என்பதை ஐஸ் பெட்டியைத் தூக்கியவர்கள் அறிவார்கள். அந்த நீர் டிஸ்க்கின் உள்ளேயும் கோக்கும்.

டிஸ்க் நன்றாக இருக்கிறது, நானே தவறுதலாக அழித்துவிட்டேன்.

இது ஒப்பீட்டளவில் நல்ல செய்தி. சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் கோப்பை அழிக்கும்போது அதன் பதிவுதான் நீங்குகிறது. வேறொன்று மேலே எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். எனவே அந்த டிஸ்க்கில் எதையும் சேமிக்காமல், மீட்பு மென்பொருளைக்கூட அதில் நிறுவாமல், வேறு கணினியில் இணைத்து டெஸ்ட்டிஸ்க் அல்லது ஃபோட்டோரெக் என்னும் மீட்பு மென்பொருளைக் கொண்டு தேடுங்கள். இரண்டும் இலவசம். ஃபோட்டோரெக் கோப்பின் தலைப்புக் குறியை வைத்துத் தேடுவதால் படங்களைத் தரும், அவற்றின் பழைய பெயர்களையும் கோப்புறைகளையும் தராது.

எஸ்.எஸ்.டி.க்கும் இதே முறைதானா?

இல்லை. எஸ்.எஸ்.டி. என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளிலேயே தகவலை வைத்திருக்கும் டிஸ்க். அதில் அழித்த கோப்பின் இடத்தை, ட்ரிம் என்னும் கட்டளையின் வழியாக விண்டோஸ் உடனே தெரிவித்துவிடும். டிஸ்க்கும் அந்த இடத்தைத் தானாகவே துடைத்துவிடும். ஆகவே அழித்ததை மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எச்சரிக்கைச் சத்தம் எதுவும் இன்றி ஒரே நாளில் செத்துப்போவதும் எஸ்.எஸ்.டி.க்களின் இயல்பு. கூடவே, புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் தகவல் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் 48 இலக்க எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அது இல்லாமல், டிஸ்க்கை முழுவதுமாகப் படித்துவிட்டாலும் பயனில்லை. இன்றே அந்த எண்ணைத் தேடி ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

எப்போது ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்? எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்?

"டக், டக்" சத்தம், கீறும் சத்தம், கீழே விழுந்தது, நனைந்தது ஆகிய நான்கிலும் உள்ளூர்க் கடைக்கு வேலை இல்லை, என் கடைக்கும் இல்லை. ஹெட்டை மாற்ற, தூசியற்ற தூய அறையும், ஹெட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ள, அதே மாடலில் அதே வகை ஹெட் கொண்ட வேறொரு டிஸ்க்கும் (கொடை டிஸ்க்) வேண்டும். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இந்த வசதி உண்டு.

அனுப்பும் முன் தொலைபேசியில் தெளிவாகக் கேளுங்கள்: சோதித்துப் பார்க்கக் கட்டணம் உண்டா, கோப்பு கிடைக்காவிட்டாலும் பணம் கேட்பார்களா, கொடை டிஸ்க்கின் விலை தனியா, பணம் கட்டுமுன் மீண்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டுவார்களா. பார்க்காமலேயே நூறு விழுக்காடு எடுத்துத் தருகிறோம் என்று உறுதி கூறுபவரிடம் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு இன்றியமையாத கோப்புறைகள் எவை என்பதை எழுதிக் கொடுங்கள், அவற்றை முதலில் எடுக்க முடியும். நிலைமின்சாரத்தைத் தடுக்கும் (ஆன்டி-ஸ்டாட்டிக்) உறையில் டிஸ்க்கைப் போட்டு, எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலமாவது பஞ்சு வைத்து, பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டி அனுப்புங்கள். செய்தித்தாளில் சுற்றிப் பேருந்தில் போட்டுவிடாதீர்கள்.

எல்லாமே கிடைத்துவிடுமா?

தட்டு நலமாக இருந்தால் வியக்கத்தக்க அளவு கிடைக்கும். 2003-ஆம் ஆண்டு கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்புகையில் சிதறியபோது அதிலிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் அமெரிக்காவின் டெக்சாஸில் விழுந்து, பல மாதங்களுக்குப் பிறகு கருகிய நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த தகவலில் ஏறத்தாழ 99 விழுக்காட்டை மீட்டார்கள். தகவல் இருந்த தட்டுப் பகுதி தப்பியிருந்தது. மாறாக, மெத்தையிலிருந்து தரைக்கு ஓடியபடியே சரிந்த டிஸ்க்கை ஒருவர் மூன்று நாள் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தால், தட்டில் வட்டமாகக் கீறல் விழுந்திருக்கும். அதிலிருந்து எதையும் தர முடியாது.

இனி இப்படி நேராமல் என்ன செய்யலாம்?

முக்கியமான கோப்பு மூன்று இடங்களில் இருக்கட்டும், அவற்றுள் ஒன்று கடலோரத்துக்கு வெளியே இருக்கட்டும். பரமக்குடியிலோ மதுரையிலோ இருக்கும் உறவினர் வீட்டு அலமாரி போதுமானது, இணையச் சேமிப்பகமும் ஆகும். வீட்டில் வைக்கும் நகல் டிஸ்க்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள், மாதம் ஒருமுறை வெளியே எடுத்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கணினியைக் கடல் பார்த்த சன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். இல்லாமல் இருக்க வேண்டாம்.

மீட்ட பிறகு பழைய டிஸ்க்கை இரும்புக் கடையில் போடலாமா?

மீட்ட கோப்புகளை நீங்களே ஒவ்வொன்றாகத் திறந்து, படம் தெரிகிறதா, கணக்கு கூடுகிறதா என்று பார்த்து முடிக்கும்வரை போடாதீர்கள். பிறகும், அதில் ஆதார் நகலோ படகுப் பதிவுச் சான்றோ வங்கிக் கணக்கோ இருந்திருக்கும் என்பதால், தட்டில் துளையிட்ட பிறகே கொடுங்கள். மடிக்கணினி டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. தடித்த சாக்கில் சுற்றிக்கொண்டு அடியுங்கள், சில்லு தெறிக்கும்.